பதினாலாம் பாட்டின் எண்

எட்டு, ஒன்பது, சைபர் என்று தொடங்கினால்
பொருள் இந்தியாவில் செய்தது என்கிறார்கள்.
தப்பு.
கம்பெனி எங்கே பதிந்ததோ அதைத்தான் அது சொல்லும்.
சரக்கின் ஊர் அதற்குத் தெரியாது.
நெல்லித்தோப்பில், மாவு மில்லுக்கு மேல் மாடியில்
மிளகாய் நெடிக்குத் தும்மிக்கொண்டே
நூறு பேருக்காவது இதைச் சொல்லியிருப்பேன்.
ஒருவரும் கேட்டதில்லை.

தொகுப்பின் பெயர் ‘உப்பளக் காற்று.’
பதினாலு பாட்டு, பதினொரு குரல், ஒரு கல்யாண பேண்டு.
உறையின் முதுகில் மொத்தத்துக்கும் ஒரே பட்டைக்கோடு.
பன்னிரண்டு இலக்கம் கையில் இருக்கிறது.
பதின்மூன்றாவதை யாரும் தர முடியாது,
மற்றவை கூடித்தான் அதைத் தீர்மானிக்கும்.
ஒன்றை ஒன்றால், அடுத்ததை மூன்றால்
பெருக்கிப் பெருக்கிக் கூட்டிக்கொண்டே வந்தேன்.
நூற்றேழு.
அடுத்த பத்துக்கு மூன்று குறை.
ஆக, மூன்று.
பற்றாக்குறையே கடைசி எண்ணாக வந்து நிற்கும் கணக்கு
எனக்குப் புதிதில்லை.
மாதக் கடைசியில் அதைத்தான் போடுகிறேன்.

உள்ளே இருக்கும் பாட்டுகளுக்கு வேறு சட்டம்.
ஒவ்வொரு பதிவுக்கும் பன்னிரண்டு எழுத்தில் தனி எண்:
முதலில் நாடு, பிறகு பதிந்தவர், பிறகு ஆண்டு,
மிச்சம் வரிசை.
பட்டைக்கோடு தொகுப்புக்குத் தொகுப்பு மாறும்.
இது விற்றாலும் மாறாது, உறை மாற்றினாலும் மாறாது,
பாடியவர் செத்தாலும்.

பதின்மூன்று பாட்டுக்கு எண் வந்து சேர்ந்தது.
கலியபெருமாள் பேண்டுக்கு மட்டும் இரண்டு.
விசாரித்தால், ஒரே நாளில் இரண்டு முறை வாசித்தார்களாம்,
ஒன்றில் டிரம்பெட் அந்துவான் தும்மிவிட்டாராம்.
எங்களிடம் இருந்தது தும்மல் உள்ளது.

பதினாலாவது செங்கேணியுடையது.
தொண்ணூற்றெட்டில், வம்பாக்கீரப்பாளையத்தில்,
மீன் ஏலத்துக்கு நடுவே பாடியதை
யாரோ ஒரு வெள்ளைக்காரர் டேப்பில் பிடித்திருக்கிறார்.
எண் இருக்காது என்று நானே ஒன்று எழுதினேன்.
ஐ, என், எங்கள் மூன்றெழுத்து, ஆண்டு பன்னிரண்டு.
பாடிய ஆண்டு அல்ல, எண் கொடுக்கும் ஆண்டுதான் அதில் வரும்.
பதினாலு வயதுப் பாட்டுக்கு
இன்றைய தேதியில் பிறப்புச் சான்றிதழ்.

அனுப்பும் முன் ழெராம் ஒருதரம் தேடிப் பார்த்தான்.
“அண்ணே, இது ஏற்கெனவே இருக்கு.”
எஃப், ஆர்.
இரண்டாயிரத்து மூன்றில், மார்செய்யில் வந்த தொகுப்பு,
ஒன்பதாவது பாட்டு.
பாடியவர்: பெயர் தெரியவில்லை.

செங்கேணியின் கொழுந்தன் துலோனில் இருக்கிறான்,
சொல்தா பென்ஷன்.
அவள் கடலூரைத் தாண்டிப் போனதில்லை.
பாட்டு மட்டும் ஒன்பது வருஷமாக
பிரெஞ்சுக் குடிமகளாக இருந்திருக்கிறது.

அதை விட்டுவிட்டு நம்ம எண்ணைப் போடலாம் என்றான் ழெராம்.
எனக்கும் கை அரித்தது.
ஆனால் ஒரு பதிவுக்கு ஓர் எண்.
இரண்டாகக் கொடுத்தால் எங்கோ ஒலிக்கிற காசு
இந்தப் பக்கமும் வராமல் அந்தப் பக்கமும் போகாமல்
நடுவில் படுத்துத் தூங்கும்.
எண்ணைத் தொடவில்லை.
பெயருக்காகக் கடிதம் எழுதினோம்.
ழெராமின் சித்தி பிரெஞ்சைத் திருத்தினாள்,
என் கோபத்தையும் சேர்த்து.
மிஞ்சியது ஒரு வரி:
பெயர் தெரியும், வே. செங்கேணி.

ஐந்து மாதம் கழித்துப் பதில்.
பெயர் சேர்க்கப்பட்டது.
நிலுவை, பதினொரு யூரோ நாற்பது சென்ட்.

உறை அச்சாகி வந்த அன்று
கூடையோடு மாடியேறி வந்தாள்.
மிளகாய் நெடியை மீன் நெடி ஜெயித்தது.
உறையைத் திருப்பி
ஈரம் காயாத விரலால் கோடுகளைத் தடவினாள்.
“இதுல எது நானு?”

தடித்த கோடாகப் பார்த்து ஒன்றைக் காட்டியிருக்கலாம்.
“இதுல நீ இல்லக்கா. இது கடைக்காரனுக்கு.
நீ உள்ள இருக்க. வெளிய தெரியாது.”

கொஞ்ச நேரம் உறையைக் கையில் எடை பார்த்தாள்.
“வெல என்ன போட்டிருக்க?”
நூற்றைம்பது என்றேன்.
“இருநூறு போடு.
நூத்தம்பதுக்கு அவங்களே எறக்குவாங்க.”